அடுக்களைப் பலகையும் அதன் மூட்டுவாயும்

(பழைய மாணவர் ஒருவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர், கொக்கிளாய்)

விழா மலர் என்றவுடன் கல்லூரியின் வரலாறு, அதிபர் ஆசிரியர்தம் தொண்டு, விளையாட்டு வெற்றி என்பனவே அன்பர்களின் நினைவில் எழும். அவற்றை எழுதுதற்கு என்னிலும் வல்லார் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறிது. அடுக்களையில் நின்றபடி காய்கறி அரியவும் பாத்திரம் வைக்கவும் அமைக்கும் மேற்பலகைகள் இரண்டு, சுவர் மூலையில் ஒன்றோடொன்று கூடுகின்றன அல்லவா? அம்மூட்டுவாயை நீர் புகாவண்ணம், கண்ணுக்கும் கைக்கும் தெரியாவண்ணம், வீட்டுக்காரர் தாமே பொருத்திக்கொள்வது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பழைய மாணவரிற் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். அங்கே தச்சர் கூலி மிகுதி. ஆதலால் வார விடுமுறையில் தாமே வாளும் துறப்பணமும் எடுத்து வீட்டுவேலை பார்ப்போர் அவருட் பலர். இங்கே வன்னியிலோ, மீளக் குடியேறியோர் தம் வீட்டைத் தாமே கட்டி முடிக்க வேண்டிய நிலை. இருதிறத்தார்க்கும் இப்பொருள் வேண்டியதே. படித்தவன் கையில் உளி பிடித்தல் இழுக்கு என்னும் பழைய எண்ணம் இன்னும் சிலரிடம் உண்டு. அவர்கள் இதனை விடுத்து அடுத்த கட்டுரைக்குச் செல்லலாம்.

யான் வாழும் கொக்கிளாய், முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், ஒருபுறம் கடலும் ஒருபுறம் களப்புமாக அமைந்த ஊர். 1984ஆம் ஆண்டின் இறுதியில் ஊரவர் இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரே திரும்பி வருதற்கு வழி பிறந்தது. கால் நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் எல்லாவற்றையும் அத்திவாரத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. பழைய வீடுகளில் அடுக்களை என்பது வீட்டினின்றும் விலகி நின்ற கொட்டில். அடுப்பும் நிலத்தில், அம்மியும் நிலத்தில், திருவலையும் நிலத்தில்; குந்தியிருந்தே சமைத்தனர். புதிய வீடுகளில் அடுக்களை வீட்டினுள்ளே வந்துவிட்டது. சமைப்பவரும் நிமிர்ந்து நிற்கின்றார். இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கிலும் கிழக்கிலும் பயனாளி ஒருவருக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட, வீட்டுக்காரரே மேசனையும் தச்சரையும் பிடித்துத் தம் வீட்டைக் கட்டினர். சுவரும் கூரையும் எழுந்தவுடன் இத்தகைய பணம் தீர்ந்துவிடும். அடுக்களைத் தட்டும் அலுமாரியும் பின்னாளில், மீன் விற்ற காசிலும் பிள்ளை அனுப்பிய காசிலும் சிறிது சிறிதாகச் சேர்வன. அவ்வாறு சேர்த்து வாங்கிய பலகை ஒரே மாரியில் மூட்டுவாயில் வீங்கி உப்பிப் போகுமாயின், அவ்விழப்பைச் சிறிதென்று கூறுதல் ஏலாது.

இனி, இப்பலகையின் இயல்பை நோக்குவாம். மேலே மினுமினுப்பாகவும் வழவழப்பாகவும் தோன்றும் அத்தகட்டை நம்மவர் போமைக்கா என வழங்குவர். அதன் பிறப்பிடம் அடுக்களையன்று, மின்பொறித் தொழிற்சாலை. 1907ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் என்பார் செயற்கைப் பிசின் ஒன்றை ஆக்கினார். அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த ஹேபேட் பேபர், டானியல் ஓகொனர் என்னும் இருவர், 1912ஆம் ஆண்டில் அத்தகைய பிசினில் தோய்த்தவற்றை அடுக்கி அழுத்தி, மின்சாரம் கடத்தாத தகடொன்றைச் செய்தனர். அதுகாறும் அவ்வேலைக்குப் பயன்பட்டது அப்பிரகம். அதனை ஆங்கிலத்தில் மைக்கா என்பர். 'மைக்காவுக்குப் பதிலாக' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரே சுருங்கிப் போமைக்கா என்னும் பெயராயிற்று. நாடோறும் வாயில் வழங்கும் ஒரு கடைச்சொல்லினுள்ளே இத்துணைக் கதை ஒளிந்திருத்தல் மொழியாசிரியனுக்கு உவகை தருவதொன்று. 1930களின் இறுதியில் மெலமைன் என்னும் நிறமற்ற பிசின் வந்து சேர்ந்த பின்னரே, மரவரியும் கல்வரியும் அச்சிட்ட தாளை மேலே பதித்து, வீட்டு மேசைக்கு ஏற்ற தகடு செய்தல் எளிதாயிற்று.

ஆகவே நாம் கல்லென்றும் மரமென்றும் காண்பது, பிசினில் தோய்த்த தாள்களின் அடுக்கே. பழுப்புத் தாள்கள் பலவும் அவற்றின்மேற் சித்திரத்தாள் ஒன்றும் வைத்து, 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் பேரழுத்தம் கொடுக்க, எல்லாம் ஒன்றாகி ஒரு மில்லிமீற்றர் அளவான கடினத் தகடாகின்றன. அதன்மேல் நீர் நின்றால் யாதொரு தீங்கும் இல்லை. தீங்கு அதன் கீழேதான் இருக்கின்றது. ஆயத்தமாக விற்கும் மேற்பலகைகளின் உடல் பெரும்பாலும் மரச்சீவல்களைப் பசையிற் குழைத்து அமுக்கிய பலகை. கடைக்காரர் சிப்போட் என்பர். அமுக்குண்ட சீவல்கள் நீர் பட்டவுடன் தம் பழைய உருவை நாடி விரிகின்றன. நனைந்த நற்பலகை காய்ந்தாற் பெரும்பாலும் பழைய அளவுக்கு மீளும். சிப்போட் அவ்வாறு மீளாது. ஒருமுறை வீங்கினால் வீங்கியதே. மேலும், மேலுள்ள தகடு நீரை உள்ளே விடாததுபோல, உள்ளே புகுந்த நீரை வெளியேயும் விடாது.

இப்பலகைக்கு மேலே தகடு உண்டு. முன்விளிம்பில் அத்தகடே வளைந்து இறங்கிக் காக்கின்றது. கீழேயும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். வாள் பட்ட இடமே திறந்த புண். சிங்க் வைக்க வெட்டிய துளையும், மூட்டுவாயும், சுவர்ப்பக்க விளிம்புமே நீர் புகும் வாயில்கள். அவற்றுள் மூட்டுவாயே மிகவும் இடருடையது. ஏனெனில் அது நடுத்தட்டில், கைபடும் இடத்தில், நாடோறும் துடைக்கும் ஈரத்துணியின் வழியிற் கிடக்கின்றது. ஆதலால் மூட்டுவாய் மயிரிழை போலத் தோன்ற வேண்டும் என்பது அழகை நோக்கிய விதி மட்டுமன்று. இடைவெளி எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்கு அடைபசை நிலைத்து நிற்கும். இடைவெளி அகன்றால், பசை காலத்தாற் சுருங்கிப் பிளந்து நீருக்கு வழிவிடும். எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மரத்தோணியின் பலகை இடுக்குகளைப் பஞ்சும் பிசினும் இட்டு அடைத்தலைக் கலப்பற்று என்பர். இன்று கண்ணாடியிழைப் படகுகள் வந்தமையால் அச்சொல்லும் அத்தொழிலும் அருகிவிட்டன. ஆயினும், பலகைகள் நேர்பட இணையாதவிடத்து எத்துணைப் பிசின் அப்பினும் தோணி கசியும் என்பதை மூத்தோர் நன்கறிவர்.

மூட்டுவாயை எங்கே வைப்பது என்பதை வெட்டத் தொடங்குமுன்னரே துணிதல் வேண்டும். சிங்க்கின் துளையிலிருந்தும் எரிவாயு அடுப்பிலிருந்தும் ஓரடியேனும் விலக்கி வைக்க. மூட்டுவாய் சிங்க்கை அண்டி அமையின் நாள் முழுதும் ஈரம். அடுப்பை அண்டி அமையின் வெப்பத்தாற் பசை இளகும். பாத்திரம் கழுவும் இயந்திரம் உள்ள வெளிநாட்டு அடுக்களைகளில், அதன் கதவுக்கு மேலே மூட்டு வருதல் ஆகாது; கதவைத் திறக்குந்தோறும் நீராவி நேரே கீழ்ப்புறத்தைத் தாக்கும். மூட்டின் கீழே அலுமாரியின் பக்கச்சுவரோ ஒரு மரச்சட்டமோ இருந்து இரண்டு பலகைகளையும் தாங்க வேண்டும். தாங்கலின்றி அந்தரத்தில் நிற்கும் மூட்டு, ஒருவர் கையூன்றுந்தோறும் மேலும் கீழும் அசைந்து பிளந்துபோம்.

மூட்டு வகைகளைக் கூறப் புகுங்கால், தமிழாசிரியனாகிய எனக்கு நன்னூலின் புணரியல் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. வகுப்பில் நிலைமொழி, வருமொழி என்று படித்தோம் அல்லவா? அவ்வாறே, மூலைச் சுவர் வரை நீண்டு ஓடும் பலகையை நிலைப்பலகை எனவும், அதன் முன்விளிம்பில் வந்து முட்டும் பலகையை வருபலகை எனவும் கூறுவாம். இவ்விரு பெயர்களையும் நினைவிற் கொண்டால் இனி வருவன எளிதில் விளங்கும்.

முன்விளிம்பு சதுரமாக உள்ள பலகைகளாயின், ஒன்றன் தலையை நேராக அறுத்து மற்றதன் பக்கத்தில் முட்டவைத்தாற் போதும். 'பொன்' முன் 'மலை' வந்து பொன்மலை ஆவதுபோல, இஃது இயல்புப் புணர்ச்சி. ஆயின் பெரும்பாலான பலகைகளின் முன்விளிம்பு உருண்டு வளைந்திருக்கும். நேராக அறுத்த தலை உருண்ட விளிம்பிற் சென்று முட்டினால், மேலே நெடுக ஒரு பள்ளம் விழும். இங்கே விகாரம் வேண்டும்.

ஒருவகை, இடையே ஓர் அலுமினியப் பட்டையைத் தோற்றுவித்தல். 'வாழை' முன் 'பழம்' வரும்போது பகர ஒற்று இடையே தோன்றுவது போன்றது. உருண்ட விளிம்பின் வடிவுக்கேற்பத் தலை வளைந்த பட்டைகள் கடைகளிற் கிடைக்கும். வருபலகையின் வெட்டுமுகத்தில் அதனைத் திருகாணியால் இறுக்கி, இருபுறமும் சிலிக்கன் பசை இட்டு, நிலைப்பலகையோடு நெருக்கிவிட வேண்டியதே. குறை என்னவெனில், பட்டையின் மேடு கைக்குத் தட்டுப்படும். தேங்காய்ப்பூவும் மாவும் அதன் ஓரத்தில் ஒதுங்கும். இதனை இழிந்த வேலையென எள்ளுவோர் உளர். யான் அவ்வாறு கருதேன். ரூட்டர் இயந்திரம் இல்லாத வீட்டில், கைவாள் ஒன்றே துணையாகச் செய்யும் வேலைக்கு ஒழுங்காக அடைத்த பட்டையே தக்கது. அரைகுறையாக வெட்டிய சாய்மூட்டு அதனினும் விரைவிற் கெடும்.

மற்றொரு வகை, 'மரம்' என்பதன் ஈற்று மகரம் கெட்டு 'மரவேர்' ஆவது போன்றது. நிலைப்பலகையின் முன்விளிம்பில், வருபலகை வந்து முட்டும் அகலமளவுக்கு, உருண்ட பகுதியை வெட்டி நீக்கிவிடுவர். வருபலகையின் தலையோ பெரும்பாலும் நேராகவே வெட்டப்படும். இரண்டின் உருண்ட மூக்குகளும் சந்திக்கும் உள்மூலையில் மட்டும், இரு பலகைகளிலும் 45 பாகைச் சாய்வாகச் சிறு வெட்டு அமையும். மூக்கோடு மூக்குச் சாய்வாகக் கூட, எஞ்சிய நெடுங்கோடு நேராக ஓடி மறையும். கல்வேலை செய்வோர் பண்டு கையாண்ட மூட்டாதலின் ஆங்கிலத்திற் கொத்தனார் சாய்மூட்டு என்னும் பொருளில் இதற்குப் பெயர். (திரிதல் விகாரமும் உண்டே எனின், அதனை நீர் வந்து செய்யும். இலக்கணத்திற்கு அஃது உடன்பாடு, பலகைக்கு உடன்பாடன்று.)

இச்சாய்மூட்டையே விரித்துக் கூறுவாம். முதலாவது, பலகைகளை வாங்கி வந்த அன்றே வெட்டலாகாது. பொருத்தப்படும் அறையிலேயே இரண்டு நாள் மட்டமாகக் கிடத்துக. அவ்வறையின் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அவை இசைந்து வரும். இரண்டாவது, சுவர்மூலையை நம்பலாகாது. கண்ணுக்குச் செங்கோணமாகத் தோன்றும் மூலை பெரும்பாலும் செங்கோணமன்று. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் அளந்து குறியிட்டு, அக்குறிகளின் இடையை அளக்க. சரியாக 5 அடி இருப்பின் மூலை செம்மையானது. கூடினால் மூலை விரிந்தது, குறைந்தால் ஒடுங்கியது. கணித வகுப்பிற் பைதகரசின் தேற்றத்தை எதற்காகப் படிக்கின்றோம் என்று கேட்டு அடிவாங்கிய நண்பர்கள் இங்கே விடை காணலாம். மூலை சிறிது பிழைத்திருப்பின், அப்பிழைக்கு ஏற்பத் தடித்த அட்டையில் மூலைப்படி ஒன்று வெட்டி வைத்துப் பார்த்து, அதன்படியே மூட்டின் கோணத்தை அமைத்தல் வேண்டும். சுவரின் மேடு பள்ளங்களைப் பலகையின் பின்விளிம்பிற் பென்சிலாற் கோடிழுத்துச் சீவிச் சரிசெய்யலாம். மூட்டிற் கொண்டுபோய்ச் சரிசெய்ய முயலற்க. பின்விளிம்பை ஓடு மறைக்கும். மூட்டை மறைப்பார் எவருமில்லை.

மூன்றாவது, மூட்டையே முதலில் வெட்டுக. நீளத்தைப் பின்னர் அறுக்க. மூட்டு சிறிது பிழைத்தால் மீண்டும் ஒருமுறை வெட்டுதற்கு அப்போதுதான் இடமிருக்கும். நீளத்தை முன்னரே அறுத்துவிட்டவர்க்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

வெட்டும் வேலைக்கு, அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர் வெட்டலகு பூட்டிய ரூட்டரும், அதன் அடியில் 30 மில்லிமீற்றர் வழிகாட்டு வளையமும், மூட்டின் வடிவு குடைந்த அச்சுப்பலகையும் வேண்டும். புலம்பெயர் நாடுகளில் இவற்றை நாள்வாடகைக்குப் பெறலாம். அச்சுப்பலகையைப் பற்றுக்கருவிகளால் அசையாது இறுக்கி, ஒரே வீச்சில் முழு ஆழமும் வெட்டாமல், ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் அளவாக இறங்கி இறங்கி வெட்டுக. கடைசி வீச்சு மட்டும் முழு ஆழத்தில் மெல்லிதாகச் சீவிச் செல்லட்டும். வெட்டுமுகம் கண்ணாடி போல வரும்.

தவறவொண்ணாத விதி ஒன்று இங்கே உண்டு. வெட்டலகு உருண்ட முன்விளிம்பில் நுழைந்து பின்விளிம்பில் வெளியேற வேண்டும். வெளியேறும் இடத்தில் தகடு சிதறும். அச்சிதறல் சுவர்ப்பக்கத்தில் நேர்ந்தால் எவரும் காணார், முன்மூக்கில் நேர்ந்தால் என்றும் மறையாது. இவ்விதியைக் காத்தற்பொருட்டு இரண்டு பலகைகளுள் ஒன்றைக் கவிழ்த்து வைத்து வெட்ட நேரும். எதனைக் கவிழ்ப்பது என்பது மூலை இடக்கைப் பக்கமோ வலக்கைப் பக்கமோ என்பதைப் பொறுத்தது. கழிவுத் துண்டு ஒன்றில் முதலில் வெட்டிப் பார்த்தல் நன்று.

வாள்களுக்கும் இதுபோன்ற நியதி உண்டு. கைவாளின் பற்கள் கீழ்நோக்கித் தள்ளும்போது அறுப்பன. ஆதலின் தகட்டை மேலே வைத்து அறுக்க. மின்சார வட்டவாளின் பற்கள் கீழிருந்து மேலெழுந்து அறுப்பன. ஆதலின் தகடு கீழே இருக்க வேண்டும். சிங்க்கின் துளை வெட்டும் சிறு மின்வாளும் பெரும்பாலும் அத்தகையதே. எதுவாயினும், அறுக்கும் கோட்டின்மேல் ஒட்டுநாடா ஒட்டிக் கூர்ங்கத்தியால் ஒருமுறை கீறிக்கொண்டாற் சிதறல் குறையும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துகட்காப்பும் அணியாமல் இவ்வேலையைத் தொடங்குதல் அறியாமை. சிப்போட்டின் துகள் மிக நுண்ணிது, பசையும் கலந்தது.

வெட்டு முடிந்தபின் வருவது மறைவேலை. பலகைகள் ஒரே மட்டத்தில் நிற்கும்பொருட்டு, இரு வெட்டுமுகங்களிலும் நேருக்கு நேர் சிறு பிளவுகள் வெட்டி, முட்டை வடிவான அமுக்கிய மரப்பில்லைகள் மூன்று நான்கைச் செருகுவர். இழுத்து இறுக்குதற்கு, பலகைகளின் அடிப்புறத்தில் இரு தலையும் அகன்று இடை குறுகிய பள்ளங்கள் மூன்று குடைந்து, அவற்றில் நீண்ட திருகுகளைக் கிடத்துவர். பள்ளத்தின் ஆழம் பலகையின் பாதித் தடிப்பைத் தாண்டலாகாது. தாண்டின் மேற்றகடு வலுவிழக்கும். உப்புக்காற்று வீசும் எம்மூர் போன்ற இடங்களில் சாதாரண இரும்புத் திருகு விரைவில் துருவேறும். துருவுறா உருக்குத் திருகுகளை வாங்குதல் சிறிது செலவாயினும் தகும்.

அடுத்து, பசை எதுவும் இடாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்த்தல் வேண்டும். பலர் இதனை வீண்வேலை எனத் தள்ளுவர். உலர்நிலையிற் பொருந்தாத மூட்டு, பசையிட்டபின் பொருந்துவதில்லை. திருகுகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக முறுக்கி, மூட்டின் குறுக்கே நாணயம் ஒன்றை நெடுகத் தள்ளிப் பார்க்க. எங்கே நாணயம் தடைப்படுகின்றதோ அங்கே ஒரு பலகை உயர்ந்திருக்கின்றது. அடியில் மெல்லிய மரச்சில் ஒன்றைச் செருகி அதனைச் சமன்படுத்தலாம்; மேற்புறத்தை அரத்தாளாலே தேய்த்துச் சமன்படுத்தல் ஆகவே ஆகாது.

சரிவரப் பொருந்தியதும் மீண்டும் கழற்றுக. இப்போதுதான் முழு வேலையின் உயிர்நிலை வருகின்றது. வெட்டுமுகங்கள் இரண்டிலும் நீர்காக்கும் வாணிசை இரண்டு முறை பூசி நன்கு உலரவிடுக. முதற் பூச்சை மரச்சீவல்கள் தாகித்தவர்போற் குடித்துவிடும்; இரண்டாவதே மேலே படலமாக நிற்கும். அடிப்பள்ளங்களையும் சிங்க்கின் துளையையும் மறவாது பூசுக. இதனைச் செய்தவர்க்கு, பின்னாளில் மேற்பசை சிறிது பிளந்தாலும் நீர் உடனே உட்புகாது. செய்யாதவர்க்கு மேற்பசை ஒன்றே காவல். பணம் கொடுத்துச் செய்விப்போர் வேலையாளரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டியதும் இதுவே. ஏனெனில் பூட்டிய பின்னர் எவரும் திறந்து பார்க்கமாட்டார்.

உலர்ந்ததும், மூட்டின் இருபுறமும் மேலே ஒட்டுநாடா ஒட்டி, ஒரு வெட்டுமுகத்தின் மேல்விளிம்பை ஒட்டிப் பலகையின் நிறத்துக்கேற்ற அடைபசையை இடையறாத கோடாக இடுக. மரப்பில்லைகளைச் செருகி, பலகைகளை நெருக்கித் திருகுகளை முறுக்குக. மூட்டின் முழுநீளத்திலும் பசை மெல்லிய நூலாகப் பிதுங்கி எழ வேண்டும். எழாத இடம் நிரம்பாத இடம். நிறப்பசை விரைவில் இறுகுமாதலால், அதற்கென விற்கும் கரைப்பானைத் துணியில் நனைத்து உடனே துடைத்துவிட வேண்டும். சிலிக்கனாயின் ஒட்டுநாடாவை உரித்தெடுத்துவிட்டு ஓரிரவு நீர் படாது காக்க. மூன்று திருகுகளையும் அளவோடு முறுக்குதல் போதும்; வலிமை காட்டி முறுக்கினால் மரச்சீவல் நொறுங்கிப் பள்ளமே பிளந்துவிடும்.

இதுவரை கூறியது ஆயத்தப் பலகைக்குரிய முறை. எங்கள் பக்கத்திலோ பெரும்பாலும் தச்சரே ஒட்டுப்பலகையைத் தட்டாக அமைத்து, எட்டடிக்கு நாலடித் தகட்டை அதன்மேல் ஒட்டிக் கொடுப்பர். இம்முறை நம் நாட்டுக்கு நன்கு பொருந்துவது என்பது என் துணிபு. நீர் தாங்கும் வகை ஒட்டுப்பலகை சிப்போட்டைப்போல உப்புவதில்லை, ரூட்டரும் வேண்டுவதில்லை. இங்கே கைக்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றே: அடிப்பலகைகள் கூடும் இடமும் மேற்றகடுகள் கூடும் இடமும் ஒன்றாக வரலாகாது. செங்கல் அடுக்கும் மேசன் மேல்வரிசையின் பொருத்தைக் கீழ்வரிசையின் பொருத்தின்மேல் வைப்பதில்லை அல்லவா? அவ்வாறே ஓரடியேனும் விலக்கி ஒட்டுக. மேலே மயிரிழை பிளந்தாலும் கீழே பிளவற்ற பலகை நிற்கும்.

தகடுகளின் கூடுவிளிம்புகளை நேர்ச்சட்டத்தோடு அணைத்து அரத்தால் இழைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க. ஒளி ஊடுருவாவிடின் விளிம்புகள் நேர்பட்டன. தொடுபசையைத் தகட்டின் அடியிலும் பலகையின் மேலும் பூசி, விரலில் ஒட்டாத அளவு காயும்வரை பொறுத்தல் வேண்டும். இப்பசை பட்டவுடன் பற்றிக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. ஆகையால் இடையிடையே உலர்ந்த ஈர்க்குக் கட்டுகளையோ மெல்லிய சலாகைகளையோ பரப்பி, அவற்றின்மேல் தகட்டை வைத்து, கூடுவாயை முதலில் நேர்படுத்தி அழுத்திவிட்டு, பின்னர் ஒவ்வொரு சலாகையாக உருவிக்கொண்டு வெளிப்புறம் நோக்கி அழுத்திச் செல்க. வெளிப்புறத்திலிருந்து தொடங்கி மூட்டை நோக்கி வருபவர்க்குக் கடைசியில் இடைவெளி கூடியோ குறைந்தோ நிற்கும். இப்பசையின் ஆவி எளிதில் தீப்பற்றுவது. அடுப்பை அணைத்து, யன்னல்களைத் திறந்து வைத்தே பூசுக.

பொருத்திய பின் பேணும் வகையும் சிறிது உண்டு. மேசை விளிம்பிற் பூட்டித் தேங்காய் துருவும் திருவலையை மூட்டுக்கு அருகிற் பூட்டற்க. சுற்றுந்தோறும் எழும் அதிர்வு மூட்டை நாளடைவில் நெகிழ்விக்கும். மீனும் இறாலும் கழுவிய நீர் தட்டில் தேங்கி நிற்கவிடாது துடைக்க. ஆண்டுதோறும் வாடைக்காற்றோடு மாரி தொடங்குமுன், புரட்டாதியளவில், மூட்டின்மேல் விரல் நகத்தை நெடுக ஓட்டிப் பார்க்க. நகம் எங்கேனும் சிக்கினால் அங்கே பசை பிளந்திருக்கின்றது. கூர்ங்கத்தியாற் பழம்பசையைக் கீறியெடுத்து, சில நாள் நீர் படாமல் நன்கு உலரவிட்டு, புதுப்பசை இடுக. ஈரத்தின்மேற் சிலிக்கன் ஒட்டாது. ஈரத்தை உள்ளே வைத்து மூடுதல் அடையாமல் விடுவதினும் கேடு. பலகை ஏற்கெனவே உப்பியிருப்பின் சீவுளியால் இழைத்துச் சமன்செய்ய முயலவேண்டா. தகடு அறுந்து, உள்ளிருக்கும் சீவல் முழுதும் வெளிப்பட்டுவிடும். அந்நிலையில் திருகுகளைக் கழற்றி, எந்தப் பலகை உப்பியது என்று பார்க்க. வருபலகை மட்டும் கெட்டிருப்பின், அதே அச்சுப்பலகையைக் கொண்டு புதிய வருபலகை ஒன்றை வெட்டி, பழைய நிலைப்பலகையின் வெட்டுமுகத்துக்கு வாணிசு புதுக்கிப் பூட்டிக்கொள்ளலாம்.